லயத்துப் பின்கட்டும் கோழிக்கூண்டும்: எழுதப்படாத ஒரு வரலாறு



கடந்த பள்ளி விடுமுறையில் புக்கிட் தெங்காவில் என் வீட்டின் பின்புறத்தில் ஒரு கோழிக்கூண்டு கட்டினேன். புதுப்பலகை ஒன்றுகூட வாங்கவில்லை. சமையற்கட்டின் கூரையை மாற்றியபோது கழற்றிய தகரம், அண்டை வீட்டார் எறிய வைத்திருந்த பழைய கதவு, அருகிலுள்ள தொழிற்பேட்டையில் வேண்டாமென ஒதுக்கியிருந்த பேலட் கட்டைகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி வந்து வேலையைத் தொடங்கினேன். எங்கள் தெருக்கோடியில் உள்ள மலிவுவிலை அடுக்குமாடியில் வாழும் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

“வாத்தியாரே, கூண்ட தரையில வைக்காதீங்க. காலு வேணும். இல்லாட்டி ஒரே ராத்திரியில மூசாங் எல்லாத்தையும் முடிச்சிடும்.”

“நீங்க கட்டியிருக்கீங்களா, ஐயா?”

“நாலு கட்டியிருக்கேன். லயம் தொரை கட்டினது. கோயிலு எல்லாரும் சேந்து கட்டினது. கோழிக்கூண்டு மட்டுந்தான் நான் எனக்குன்னு கட்டினது.”

அவர் சொன்ன இந்த மூன்று தொடர்களைப் பல நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். தோட்டப்புற வரலாற்றைப் பற்றி நான் படித்த நூல்களில் ஏக்கர் கணக்கு உண்டு. ரப்பர் விலை உண்டு. கப்பலேறி வந்தோர் தொகை உண்டு. லயத்துப் பின்கட்டில் நின்ற கோழிக்கூண்டைப் பற்றி எந்த நூலிலும் நான் கண்டதில்லை. ஆனால், ஒரு தோட்டத்தொழிலாளர் குடும்பம் தன் அறிவைக் கொண்டு, தன் கையால், தனக்கென எழுப்பிய கட்டடம் எது என்று கேட்டால், பெரும்பாலும் அது அந்தக் கூண்டாகவே இருக்கும். அதன் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே எழுதுகின்றேன்.

கரும்பிலிருந்து கித்தாவுக்கு

புக்கிட் தெங்கா என்னும் மலாய்ப் பெயருக்கு ‘நடுக்குன்று’ என்பது பொருள். புக்கிட் மெர்தாஜாமுக்கும் ஜூருவுக்கும் பிறைக்கும் இடையே அமைந்த ஊர் இது. இன்றைய செபராங் பிறை, ஆங்கிலேயர் ஆட்சியில் ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ எனப்பட்டது. 1800-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கெடா சுல்தானிடமிருந்து பெற்ற கரையோர நிலம் இது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறை, பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் பலர் முதலில் வந்து இறங்கியது பினாங்கில்தான். அவர்களுள் பெரும்பகுதியினர் இந்தக் கரும்புக் காடுகளுக்கே அனுப்பப்பட்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் கரும்பை அழித்துக் கித்தா மரம் நட்டனர். 1910-இல் மலாயாவுக்கு ஒப்பந்தக்கூலி முறையில் ஆள் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. அதன் பின்னர்க் கங்காணி முறை ஓங்கியது.

இவ்வளவு மாற்றங்களிலும் மாறாதிருந்தது லயம். ஏறத்தாழ 10 அடிக்கு 10 அடி அறைகள் நீண்ட வரிசையாக, ஒரே கூரையின் கீழ். சில இடங்களில் முதுகோடு முதுகாக இரு வரிசை. பலகைச் சுவர் கூரை வரை எட்டாததால் ஒரு வீட்டின் இருமல் கடைசி வீட்டுக்கும் கேட்கும். வீடு தோட்ட நிருவாகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட உரிமை யாருடையது என்பது தெளிவு. இந்த நிலையில்தான் லயத்துக்குப் பின்னால், சமையற்கட்டைத் தாண்டி, சிறு நிலத்துண்டு ஒன்று இருந்தது.

சட்டத்தில் ஓர் ஓரம்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பை மறப்பதில்லை. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என அச்சட்டம் விதித்தது. நம் பள்ளிகள் பலவற்றின் தோற்றம் அந்த விதியில்தான் இருக்கிறது. அதே தொழிலாளர் சட்டங்களில் மற்றொரு விதியும் இருந்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒருவருக்குப் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஓர் ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதே அது. கணக்கிட்டால் ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஏட்டில் இருந்த அளவு எல்லாத் தோட்டத்திலும் நிலத்தில் இருந்தது எனச் சொல்ல இயலாது. ஆயினும் கீரைப்பாத்தி, முருங்கை, வாழை, ஓர் ஆடு, நான்கு கோழி என்னும் வாழ்க்கைக்கு அந்த ஓரமே இடந்தந்தது.

அந்த நான்கு கோழி ஏன் தேவைப்பட்டது என்பதைக் கூலிக்கணக்கு சொல்லும். 1920-களின் பிற்பகுதியில் முதன்மைத் தோட்டப் பகுதிகளில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வரையறுக்கப்பட்டிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936-இன் இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தோட்டத்தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். குறைத்த கூலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என 1937-இல் வெளியான அவரது அறிக்கை பரிந்துரைத்தது. 1938-இல் இந்திய அரசு, உதவிபெற்றுச் செல்லும் கூலித்தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்தியது. மேலிடத்தில் இப்படி வாதம் நடந்த ஆண்டுகளில், லயத்தில் முட்டை ஒரு நாணயமாகப் புழங்கியது.

அந்த நாணயம் பெண்களுடையது. கணவன் சம்பளம் கடைக்கணக்குக்குப் போகும். கோழி விற்ற காசு முந்தானை முடிச்சில் இருக்கும். தமிழில் இதற்குச் ‘சிறுவாடு’ என்று ஓர் அழகிய சொல் உண்டு. பெரட்டில் பெயர் வாசிக்கும்போது பத்துக் காசு குறைவாக மதிக்கப்பட்டவள், பின்கட்டில் முழு உரிமையாளராக இருந்தாள். பிள்ளையின் சிலேட்டு, திருவிழாத் துணி, மகளின் மூக்குத்தி ஆகியவற்றுள் பல அந்தச் சிறுவாட்டில் வந்தவை என்பதை முதியோரைக் கேட்டால் அறியலாம்.

ஓட்டைத் தகரத்தின் உலகப் பயணம்

இனிக் கூண்டுக்கு வருவோம். தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்குக் கோழியை அடைக்கும் முறை தெரிந்தே இருந்தது. தென்மாவட்டத்தார் மூங்கில் பிளாச்சில் முடைந்து கவிழ்க்கும் பஞ்சாரத்தையும், வேறு சில பகுதியினர் கொடாப்பையும் அறிவர். ஆனால், இந்நாட்டின் மழைக்கும் விலங்குக்கும் தரையில் கவிழ்த்த கூடை தாக்குப்பிடிக்காது. மலாய்க் கம்பங்களில் கால்மேல் நிற்கும் ‘ரெபான்’ இருந்தது. நம்மவர் கட்டியது இரண்டும் கலந்தது: கால் ரெபானுடையது, அடைகாக்க உள்ளே வைத்த கூடை ஊரிலிருந்து கற்றது.

பொருள்கள் எங்கிருந்து வந்தன? பெரியவர் விரல்விட்டு எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெருங்கதை இருப்பதைப் பின்னர் நூல்களில் தேடியபோது உணர்ந்தேன்.

முதலாவது, மண்ணெண்ணெய் டின். ஏறத்தாழ 4 காலன் கொள்ளும் சதுரத் தகர டின்கள் இரண்டிரண்டாக மரப்பெட்டியில் அடைத்துக் கீழ்த்திசை நாடுகளுக்கு வந்தன. எண்ணெய் தீர்ந்ததும் டின்னின் மேலும் கீழும் வெட்டிப் பக்கங்களை விரித்தால், 3 அடி நீளமும் 1 அடிக்குச் சற்று மிகுந்த அகலமும் உள்ள தகடு கிடைக்கும். அது கூரையாயிற்று, பெட்டிப்பலகை சுவராயிற்று. இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1892-இல் மார்க்கஸ் சாமுவேல் என்னும் இலண்டன் வணிகர் ‘மியூரெக்ஸ்’ என்னும் தொட்டிக்கப்பலில் மண்ணெண்ணெயை டின்னில்லாமல் சூயஸ் கால்வாய் வழியே அனுப்பினார். செலவு குறைந்தது, ஆனால் விற்பனை எதிர்பார்த்தபடி அமையவில்லை. காரணம், கீழ்நாட்டு மக்களுக்கு எண்ணெயைப் போலவே டின்னும் வேண்டியிருந்தது. வாளியாகவும் கூரையாகவும் பாத்திரமாகவும் அவர்கள் அதை வாழ்வித்து வந்தனர். இறுதியில் அந்நிறுவனம் தகரத்தை வரவழைத்துக் கீழ்நாட்டுத் துறைமுகங்களிலேயே டின் செய்து விற்க நேர்ந்தது. அந்த வணிகத்தின் வழிவந்ததே ஷெல் நிறுவனம். நம்மவர் ‘கழிவு’ என எதையும் கருதாத இயல்பு, உலகின் பெரிய எண்ணெய் நிறுவனம் ஒன்றின் கணக்கையே மாற்றியிருக்கிறது!

மேலும் ஒன்று. டின் என்பது வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் தந்த நிலம் மலாயாத் தீபகற்பம். இங்கே தோண்டிய ஈயம் கடல் கடந்து சென்று, தகட்டின் பூச்சாகி, எண்ணெய் டின்னாகித் திரும்பி வந்து, லயத்துக் கோழிக்கு நிழல் தந்தது எனலாம்.

இரண்டாவது, நெளிதகரம். தகட்டை அலைபோல் நெளித்தால் மெல்லிய இரும்பும் உறுதியாகும் என்பதைக் கண்டு 1829-இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி பாமர் என்னும் இலண்டன் துறைமுகப் பொறியாளர். அதன்மேல் துத்தநாகம் பூசுவதால்தான் மலாய்க்காரர் ‘ஸிங்க்’ என்றும் நம்மவர் ‘சிங்குத் தகரம்’ என்றும் வழங்கினர். லயத்தில் அத்தாப்புக் கூரையை மாற்றித் தகரம் போட்டபின், ஓட்டை விழுந்து கழற்றிய தகடுகள் பின்கட்டுக்கு வந்தன.

மூன்றாவது, பால் ஸ்டோரின் பெட்டிப்பலகை. இரண்டாம் உலகப் போருக்கு முன் ரப்பர் தகடுகள் ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் ஏற்றுமதியாயின. உடைந்த பெட்டிகள் கூண்டின் கதவாயின. உடைந்த பால் மங்குகள் தண்ணீர்க் கிண்ணங்களாயின.

நான்காவது, இரயில்பாதைக் கட்டை. பிறையிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை நம் ஊரையும் தொட்டுச் செல்கிறது. பாதையில் வேலை செய்த தமிழர் பலர். செங்கால் போன்ற வன்மரக் கட்டைகளை மாற்றும்போது, உளுத்த பகுதியை நீக்கினால் எஞ்சும் துண்டு கூண்டுக்கால் ஆகும். கித்தா மரமோ காலுக்கு ஆகாது. “கையில இருக்கறது கித்தாக்கட்டதான். ஆனா, ஆறு மாசத்துல பொடியாப் போயிடும்” என்றார் பெரியவர். அது உண்மை. பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூஞ்சையும் துளைவண்டும் விரைவில் அழித்துவிடும். அதனால்தான் நெடுங்காலம் அது விறகாக மட்டுமே எரிக்கப்பட்டது. போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்தும் முறை பரவிய பின்னரே மலேசிய ரப்பர் மரம் மேசை நாற்காலிகளாக உலகச் சந்தைக்குச் சென்றது.

கூண்டின் இலக்கணம்

பெரியவர் சொல்லச் சொல்ல நான் திருத்திக் கட்டிய கூண்டின் அளவுகளைக் குறித்துவைக்கிறேன். நீளம் 6 அடி, அகலம் 4 அடி. ஆறு கோழிக்குப் போதும். தரைமட்டத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் அடித்தளம். அத்தளம் முழுப்பலகையாக இருத்தல் கூடாது; அரை அங்குல இடைவெளி விட்ட சட்டங்கள் வேண்டும். எச்சம் கீழே விழும். மறுநாள் அதைச் சாம்பலோடு கலந்து ஆறவைத்தால் கீரைப்பாத்திக்கு எரு. கோழி படுத்துறங்குவதில்லை, கம்பின்மேல் அமர்ந்தே உறங்கும். ஆகவே உள்ளே 5 அடிக் கம்பு ஒன்று, விளிம்பு மழித்தது. முட்டையிட ஒரு சாண் ஆழமுள்ள கூடைகள் இரண்டு, இருளான மூலையில். காற்று வர மேற்பகுதியில் கம்பிவலை. ஆனால் மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தில் பலகை. கூரை பின்புறம் அரையடி சரிய வேண்டும்.

எதிரிகள் மூவர். மூசாங் எனப்படும் மரநாய், உடும்பு, மலைப்பாம்பு. முதலிரண்டையும் உயரமும் கொண்டியும் தடுக்கும். பாம்பைத் தடுக்க வலையின் கண் அரை அங்குலத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். நான் வாங்கிவைத்திருந்த அகலக்கண் வலையைப் பெரியவர் ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டார்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. பழம்பொருள் எல்லாம் நற்பொருளல்ல. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத்தகடுகளை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். தார் எண்ணெய் ஊட்டிய இரயில்கட்டைகளைக் கோழி கொத்தும் இடத்தில் வைத்தல் நன்றன்று. பழங்காலச் சாயம் பூசிய பலகையில் காரீயம் இருக்கலாம். தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் கவிழ்த்துக் கழுவுங்கள். டிங்கிக் கொசு அங்கேதான் முட்டையிடும். குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பது பற்றி நகராண்மைக்கு விதிகள் உள்ளன. கட்டுமுன் கேட்டறிந்துகொள்வது கடமை.

வெள்ளைக்கழிச்சலும் தீனித் தடுப்பு மருந்தும்

கூண்டு எவ்வளவு உறுதியாயினும் ஒரே வாரத்தில் அதைக் காலிசெய்யும் நோய் ஒன்று உண்டு. தமிழில் வெள்ளைக்கழிச்சல். 1926-இல் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் இது கண்டறியப்பட்டது. இந்தியாவில் ராணிக்கேத் என்னும் மலையூரின் பெயரால் அழைக்கப்படுகிறது. நகரப் பண்ணைகள் ஊசியால் தப்பின; கம்பத்துக் கோழிகளுக்கு ஊசி போடுவது அரிது. மரத்தில் உறங்கும் கோழியைப் பிடிப்பது யார்? மருந்தைக் குளிரில் வைத்துக் காப்பது எங்கே?

இந்தக் கேள்விக்கு விடைதந்த முயற்சி நம் நாட்டில் நடந்தது என்பதை மாணவர்க்குச் சொல்ல வேண்டும். 1980-களில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கக்கூடிய ‘வி4’ என்னும் வகையிலிருந்து, தீனியில் கலந்து கொடுக்கத்தக்க தடுப்பு மருந்தை உருவாக்கினர். கம்பத்துக் கோழிகளை மனத்தில் வைத்து நடந்த ஆய்வு அது. அப்பல்கலைக்கழகமே 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது.

போரும் முள்வேலியும்

பெரியவர் தம் கதையை நான்காம் நாள்தான் சொன்னார். ஆணியை நிமிர்த்திக்கொண்டே, யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார்.

“ஜப்பான்காரன் வந்த மறுவருசம் பொறந்தவன் நான். நான் கைப்புள்ளையா இருக்கறப்ப அப்பாவ சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. திரும்பி வரல. அம்மா கோழி வித்துத்தான் எங்க மூணு பேரையும் வளத்தாங்க.”

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 19-இல் பினாங்கில் நுழைந்தது. கித்தா வாங்குவாரில்லை, கூலியில்லை, அரிசியில்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாம் – பர்மா இடையே 415 கிலோமீட்டர் இரயில்பாதை அமைக்கப் பதினாயிரக்கணக்கான தமிழர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் திரும்பாதவர் மிகப் பலர். ஆண்கள் இல்லாத லயங்களில் மரவள்ளியும் கோழியுமே குடும்பங்களைத் தாங்கின. பிடித்துச் சென்றவர்களின் கணக்கை வரலாற்றாசிரியர்கள் எழுதிவிட்டனர். விட்டுச் சென்றவர்கள் எதை உண்டு உயிர்பிழைத்தனர் என்பதைப் பிள்ளைகளாக இருந்தவர்களே சொல்ல வேண்டும். அவர்களுக்கும் இப்பொழுது எண்பதைத் தாண்டிவிட்டது.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டன, சுற்றிலும் முள்வேலி, உணவுப்பொருள் கொண்டுசெல்வதில் கட்டுப்பாடு. வேலிக்குள் கூண்டு நெருங்கி நின்றது. அவசரகாலம் முடிந்து வேலியைப் பிரித்தபோது கிடைத்த கம்பியைப் பெரியவர் தம் முதற்கூண்டுக்குச் சுற்றினாராம். அப்போது அவருக்கு வயது பதினெட்டுக்குள். “நம்மளச் சுத்தி இருந்தத எடுத்துக் கோழியச் சுத்தி வச்சேன்” எனச் சொல்லிச் சிரித்தார்.

கூண்டுக்கு இடமில்லாத வீடு

1950-களிலும் 1960-களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தோட்டங்களை விற்றுச் சென்றன. வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றனர். 1968-இல் வந்த வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலைசெய்ய அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும் என்றது. பல்லாண்டு உழைத்தவர்கள் குடும்பத்தோடு தமிழகம் திரும்பினர். பெரியவரின் அக்காள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. கப்பலேறும் முன் கூண்டையும் ஏழு கோழிகளையும் தம்பியிடம் ஒப்படைத்துச் சென்றாராம். கொடுப்பதற்கு அவர்களிடம் வேறு சொத்து இல்லை.

1969-இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. பிறை வட்டாரம் தொழிற்பேட்டையாயிற்று. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. வேலை கிடைத்தது, மின்விளக்கு வந்தது, பிள்ளைகள் படித்தனர். இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். லயத்து வாழ்வை ஏதோ பொற்காலம்போல் பாடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஓட்டைத் தகரத்தில் கூண்டு கட்டியது அழகுணர்ச்சியால் அன்று, வேறு வழியில்லாமையால். ஆயினும், லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்குச் சென்றபோது, தம் பெயரில் இருந்த ஒரே கட்டடத்தை விட்டுச் சென்றார்கள் என்பதும் உண்மை. வீட்டோடு சேர்ந்து சிறுவாடும் போயிற்று.

எஞ்சியிருந்த வீட்டுக்கோழி வளர்ப்பையும் பறவைக்காய்ச்சல் அசைத்தது. 2004 ஆகஸ்டில் கிளந்தானில் எச்5என்1 கிருமி கண்டறியப்பட்டது. 2006 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சிலாங்கூர், பேராக், பினாங்கு மாநிலங்களிலும் கண்டறியப்பட்டது. நோய் கண்ட இடத்தைச் சுற்றிய வட்டாரத்தில் வீட்டுக்கோழிகள் அழிக்கப்பட்டன. மக்கள் நலனுக்கு அது தேவையான நடவடிக்கையே. ஆனால், பிடித்துச் சென்ற கோழிகளோடு பல கூண்டுகளும் பிரிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்படவேயில்லை.

பின்னர் 2022-இல், தீவன விலை ஏறிக் கோழி கிடைப்பது அரிதானபோது, ஜூன் 1 முதல் நம் அரசு கோழி ஏற்றுமதியை நிறுத்த நேர்ந்தது. இறக்குமதிச் சோளத்தையும் சோயாவையும் நம்பி வளரும் பண்ணைக்கோழி எவ்வளவு நொய்ந்த கயிற்றில் தொங்குகிறது என்பதை அன்று எல்லாரும் உணர்ந்தோம். குருணையும் தேங்காய்ச்சக்கையும் கறையானும் தின்று வளர்ந்த லயத்துக் கோழி அந்தச் சந்தையை அறியாது.

நாம் செய்யக்கூடியது

கோழி நமக்கும் இந்நிலத்துக்கும் பழைய உறவு. சங்கநூல்கள் மனைக்கோழியையும் கானக்கோழியையும் வேறுபடுத்திப் பேசுகின்றன. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்குப் பண்டைத் தமிழர் நடுகல்லே எடுத்துள்ளனர். வீட்டுக்கோழியின் முன்னோராகிய செங்காட்டுக்கோழி, தென்கிழக்காசியக் காடுகளுக்கு உரியது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புகளே ஐயமற அறியப்பட்ட மிகப் பழைய வீட்டுக்கோழிக்குரியவை எனவும், அவை கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை எனவும் 2022-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நெல் விளைந்த இடத்தைத் தேடிக் கோழி மனிதனிடம் வந்தது என்பது அவர்கள் கருத்து. ஒரு சேவலுக்குக் கல் நட்ட இனம், தன் பாட்டியின் கோழிக்கூண்டைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதிவைக்க வேண்டாமா?

ஆசிரியர்களே, உள்ளூர் வரலாற்றுப் பாடத்துக்கு அருங்காட்சியகம் தேடி அலைய வேண்டியதில்லை. நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு தாள் கொடுத்து, வீட்டிலுள்ள முதியோரிடம் ஐந்து கேள்விகள் கேட்டுவரச் சொல்லுங்கள். உங்கள் கூண்டு எந்தப் பொருளால் ஆனது? அப்பொருள் எங்கே கிடைத்தது? யார் கட்டினார்? கோழி விற்ற பணம் யார் கையில் இருந்தது? அந்தக் கூண்டு கடைசியில் என்னவாயிற்று? ஐந்தாவது கேள்விக்கு வரும் விடையில் ஒரு தோட்டத்தின் முடிவே அடங்கியிருக்கும். கூண்டின் படத்தையும் அவர்களைக்கொண்டே வரையச் செய்யுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கூண்டின் படத்தைப் பிழையில்லாமல் வரைவார்.

பெற்றோர்களே, அந்தத் தாள் வீட்டுக்கு வரும்போது “இதெல்லாம் ஒரு பாடமா?” என்று ஒதுக்காமல், தாத்தா பாட்டியின் அருகில் பிள்ளையை அமர்த்துங்கள். அவர்கள் வெட்கப்படலாம், வறுமையைப் பேச யாருக்கும் கூச்சம் உண்டு. கூண்டைப் பற்றிக் கேட்டால் பேசுவார்கள். அது அவர்கள் வறுமையின் கதை மட்டுமன்று. திறமையின் கதையும் ஆகும்.

என் கூண்டில் இப்போது ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் உள்ளன. கதவுக்குக் கொண்டி போட்டவர் பெரியவர்தான். நாள்தோறும் மாலையில் வந்து, கோழிகள் கம்பேறிவிட்டனவா என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கொண்டியைத் தாமே மாட்டிவிட்டு அடுக்குமாடிக்குத் திரும்புகிறார்.